கூடைச் செல்

செகெத் நகரில் காலை ஏழரை.
டிஸா ஆற்றுப் பனி
பாலத்தை நடுவில் அழித்துவைத்திருக்கிறது.
போக்லார்கா கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுக்கிறாள்.
பார்வைக்கு எட்டாத அளவு மெலிந்து
முனை இரண்டாய் அறுகிறது.
பதினாறு வேண்டும் இன்றைக்கு.
பாதி உடையும், அதுவும் கணக்கில் உண்டு.

மருத்துவமனையில் இந்நேரம்
ஐம்பத்தொரு வயதுப் பெண்ணின் தலை திறந்திருக்கும்.
பெயர் தெரியாது, தெரியக்கூடாது.
தாளில் ஓர் எண்.
தபால் நிலையத்தில் வேலை என்பதை மட்டும்
அறுவை மருத்துவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.
கடிதம் பிரிக்கையில்
இடது கட்டைவிரலில் எறும்பொன்று ஊருமாம்.
பிறகு ஒன்பது.
பிறகு புற்றே உடைந்து தோள்வரை ஏறும்.
உதறிப் பார்த்தால்
கையில் ஒன்றும் இருக்காது.

மூளையின் மேலுறைக்குப் புறணி என்று பெயர்.
வைத்தவர் தெரிந்துதான் வைத்தாரோ,
ஓயாமல் புறணி பேசுகிறது அது:
சட்டைக் கழுத்து உரசியதை,
மோதிரத்தின் குளிரை,
காலுறைத் தையல் சுண்டுவிரலை அறுப்பதை.
பத்தில் எட்டு செல்
"ஆமாம் ஆமாம்" கட்சி.
மீதி இரண்டுதான்
"போதும், விடு" என்கிறது.
அந்த இரண்டுக்குக் கொடுத்தாயிற்று
பதினோரு வருடம்,
ஒரு திருமணம்.

பத்தரைக்கு வென்ட்செல் பெட்டியோடு ஓடிவந்தான்.
மூன்று சிவப்பு விளக்கில் நின்றேன்,
நாலாவதைக் கேட்காதே என்றான்.
குமிழி விடும் பனிநீருக்குள்
சுண்டைக்காய் அளவு சதை.
சீவினார்கள் அதை,
ஐந்து தலைமயிரை அடுக்கிய தடிமனில்.
வீட்டை விட்டு வந்துவிட்டோம் என்ற செய்தி
செல்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

முதல் மூன்று செத்திருந்தன.
நான்காவது கசிந்தது.
மதியம் கழிந்து, ரொட்டி பாதி தின்றபடி இருக்க,
கோபுரச் செல் ஒன்று பிடிபட்டது.
அதை ஒட்டி
உருண்டையாய் வேறொன்று.
குழாயின் மறுமுனையை வாயில் வைத்து
மிக மெல்ல உறிஞ்சினாள்,
குழந்தையின் மூக்கில் ஊதுவதைவிட மெல்ல.
ஒட்டிக்கொண்டது.

கூடைச் செல் அது.
பக்கத்துச் செல்லின் உடம்பைச் சுற்றிக்
கிளை முடைவதால் அந்தப் பெயர்.
பஞ்சாரத்தைக் கவிழ்த்தால்
கோழி அடங்குவதுபோல.

கோபுரத்துக்கு மின்னோட்டம் கொடுத்தாள்.
ஒலிபெருக்கியில் சோளம் பொரிந்தது.
கூடைக்கும் கொடுத்தாள்.
பொரிதல் நின்றது.
நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு,
அவ்வளவுதான் அந்த மௌனம்.
திரும்பக் கேட்டாள்.
திரும்பவும் நின்றது.
நூற்றிருபது தடவை கேட்டும்
சலிக்கவில்லை.

நோயுற்ற துண்டில் அது சோர்ந்திருக்கும் என்றுதான்
விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள், நிதியும் வாங்கியிருந்தாள்.
சோர்வில்லை.
சாயமிட்ட பக்கத்துச் சீவலை உருப்பெருக்கியில் தள்ளித்தள்ளிப் பார்த்தாள்,
மேலே, கீழே, ஓரத்தில்.
வேறு கூடை தட்டுப்படவில்லை.
ஊரே கூவும் தெருவில்
ஒருத்தி மட்டும்
வாயில் விரல் வைத்து நின்றிருக்கிறாள்,
எத்தனை வருடமோ.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி.
விழித்துவிட்டாள் என்றார் மருத்துவர்.
எறும்பு?
இல்லை.
கொஞ்சம் பேசாமலிருந்தார்.
கட்டைவிரலும் இல்லை, என்றார்.
இருக்கிறது, அசைகிறது,
உறையின் விளிம்பைத்தான் உணரவில்லை.
திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்.

பத்தேகாலுக்குத் திரையில் கோடு சரிந்தது.
இத்தனை காலம் அடக்கிவைத்ததை
ஃபார்மலினில் அடக்கம் செய்து
எண்ணை எழுதினாள்.
எழுத்து கோணியது, அழித்து எழுதினாள்.

கடைசி டிராலிபஸ்.
எதிர் இருக்கையில் இரு மாணவிகள்
யாரைப் பற்றியோ ஓயாமல்.
போக்லார்கா கையுறையைக் கழற்றி
கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு
தேய்த்துக்கொண்டே வந்தாள்.
இறங்கவேண்டிய நிறுத்தம்
போய்விட்டிருந்தது.